மகள் கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டால்: யாரிடம் போவது, என்ன எடுத்துப் போவது, எவ்வளவு செலவாகும்

என் மகள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அலமாரியை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தேன். பழைய நோட்டுகளுக்கு அடியில் வகுப்பு குரூப் போட்டோ கிடந்தது. நாற்பது பிள்ளைகள். இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு முகத்தை மட்டும் நீலப் பேனாவால் தாள் கிழிகிற அளவுக்குக் கிறுக்கி வைத்திருந்தது. யார் மேலேயோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, படத்தில் யாரைக் காணோம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். காணாமல் போயிருந்தது அவள் முகம்தான்.

அன்றிலிருந்து சரியான ஆட்களிடம் போய்ச் சேர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதற்குள் சோப்பு, க்ரீம், முடி எண்ணெய், உடம்பு இளைக்கிற பவுடர், பார்லர் என்று 17,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது, அதில் பாதி அவளுக்குக் கெடுதல்தான் செய்தது. இப்போது அவள் பத்தாம் வகுப்பு. நன்றாக இருக்கிறாள். தன் தோற்றத்தையே வெறுக்கிற பிள்ளைக்கு எதை எந்த வரிசையில் செய்திருந்தால் அந்த எட்டு மாதம் மிச்சமாகியிருக்குமோ, அந்த வரிசையில் எழுதுகிறேன். நான் மதுரைப் பக்கம், அதனால் இதில் வருவதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயரும் பள்ளியும் வேண்டாம், மற்றதை எழுதுங்கம்மா என்றாள்.

1. முதல் இரண்டு வாரம்: கேட்பது மட்டும்

எதிரே உட்கார வைத்து "என்ன ஆச்சு சொல்லு" என்று கேட்டால் பிள்ளைகள் பேசாது. எங்களுக்கு வாய்த்தது ஸ்கூட்டர்தான். டியூஷன் விட்டு வரும்போது அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள், என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இருட்டு, காற்றுச் சத்தம். மூன்றாவது நாள் தானாகவே சொன்னாள்: "என்னைய பேனர்னு கூப்பிடுறாங்கம்மா."

விஷயம் இதுதான். முந்தைய வருடம் அவளுக்குச் சடங்கு வைத்தோம். தெருமுனையில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினோம். ஸ்டூடியோக்காரர் அவள் முகத்தை வெளுப்பாக்கி, கன்னத்தில் ரோஸ் ஏற்றி அச்சடித்துக் கொடுத்திருந்தார், நாங்களும் அழகாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டினோம். அவள் வகுப்புப் பையன்கள் அதைப் போனில் படம் எடுத்து, பக்கத்தில் பள்ளியில் எடுத்த படத்தை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். "பேனர்ல வெள்ளை, நேர்ல கொள்ளை" என்று கேலி. ஒரு வருடமாக இது நடந்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். "நீ ஒண்ணும் கறுப்பில்லடா, மாநிறம்தான்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப கறுப்பா இருந்தா அசிங்கமாம்மா?" என்று கேட்டாள். ஆறுதல் என்று நினைத்து நாம் சொல்வதும் அந்தப் பையன்கள் சொன்னதும் ஒரே அளவுகோல்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நிறத்தை மறுக்காதீர்கள். "ஆமா, நீ கறுப்பு, நானும் கறுப்பு, அப்படிக் கூப்பிட்டது தப்பு, அதை நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் போதும். குண்டு, ஒல்லி, பல், பரு, மீசை முடி, எதுவானாலும் இதே வழிதான்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி போட்டு எழுத ஆரம்பியுங்கள். எந்த நாள் சாப்பிடவில்லை, எந்த நாள் வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகவில்லை, என்ன சொன்னாள், அவள் சொன்ன வார்த்தையிலேயே. பள்ளியிலும் டாக்டரிடமும் இந்த நோட்டுதான் உங்களுக்குக் கை கொடுக்கும். அவளுக்குத் தெரியாமல் எழுதாதீர்கள், பிறகு கண்டுபிடித்தால் நம்பிக்கை போய்விடும்.

2. வீட்டுக்குள் இருக்கிற வாய்கள்

வெளியே போவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்பத்தா அவளைக் கொஞ்சும்போது "என் கருவாச்சி" என்பார். நிஜமான பாசம். என் கணவர் "இந்தக் கலர் டிரெஸ் உனக்கு எடுக்காதும்மா" என்பார். நான் "வெயில்ல போகாத, கறுத்துருவ" என்று அவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து சொல்லியிருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத பேச்சுகள், பதின்மூன்று வருடம் சேர்ந்தால் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கிற மொத்த அபிப்பிராயமும் அதுவாகிவிடும்.

பெரியவர்களிடம் பொதுவாக "மனசு நோகப் பேசாதீங்க" என்று சொன்னால் வேலைக்காகாது. எந்தச் சொல் என்று குறித்துச் சொல்லுங்கள். நான் அப்பத்தாவிடம் போட்டோவைக் காட்டினேன். "அத்தை, இதைப் பாருங்க, இது அவளே கிறுக்கினது." கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, மற்றவர்கள் சொன்னாலும் அவர்தான் முதலில் தடுக்கிறார்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் பொம்பளைங்க விஷயம், நீ பாத்துக்க" என்று ஒதுங்காதீர்கள். இந்த வயதில் அப்பா தன்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார் என்பதையும் தன் உடம்பு மாறியதையும் பிள்ளைகள் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். என் மகள் அதைக் கவுன்சிலிங்கில் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

3. க்ரீம்: தூக்கிப் போடுவதற்கு முன் தோல் டாக்டர்

அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு சின்ன ட்யூப் இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கியது, தோழிகள் சொன்னார்களாம். முதல் மூன்று வாரம் முகம் பளிச்சென்று இருந்தது, நானே கவனித்து "நல்லா இருக்கியே" என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம் சிவப்புத் திட்டு, பரு, மெல்லிய முடி, வெயிலில் போனால் எரிச்சல்.

ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், க்ளோபெட்டசால் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு, அழகு சாதனம் கிடையாது. இப்படிப் பல தோல் ஸ்டீராய்டுகளை 2018-இல் மத்திய அரசு டாக்டர் சீட்டு கட்டாயம் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. பல நாள் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் இன்னும் மோசமாகச் சிவந்து வீங்கும், அதைப் பார்த்துப் பயந்து பிள்ளை மறுபடி அதையே எடுத்துப் போடும். அதனால்தான் முதலில் தோல் டாக்டர், அவர் சொல்கிற மாதிரி நிறுத்துவது. ட்யூபைக் கையோடு கொண்டு போங்கள்.

லேபிளே சரியாக இல்லாத, வெளிநாட்டு க்ரீம் என்று சொல்லி விற்கிற டப்பாக்கள் இன்னும் ஆபத்து. அவற்றில் பாதரசம் கலந்திருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் இப்படி வெளுப்பு க்ரீம் போட்டுச் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களைப் பற்றி அங்குள்ள டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள்.

செலவு: தனியார் தோல் டாக்டர் ஒரு தடவைக்கு 600 ரூபாய், மூன்று தடவை போனோம். முகம் பழையபடி ஆக நான்கு மாதம் ஆனது. அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது, பணம் கிடையாது.

4. உடம்பைப் பரிசோதித்துவிடுங்கள்

மனசுப் பிரச்சினை என்று நினைத்ததில் பாதி உடம்புப் பிரச்சினையாக இருக்கலாம். எப்போதும் படுத்தே கிடக்கிறாள், முடி கொட்டுகிறது, படிப்பில் கவனமில்லை என்று நான் மாதக்கணக்கில் திட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.1. பன்னிரண்டு வயதுக்கு மேல் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். அந்தப் பிள்ளை மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு கொடுக்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் டாக்டர் சொன்ன காலம் வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கழுத்தின் பின்பக்கம் கறுப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய வீடுகளில் இதற்காகப் பிள்ளைகள் அடி வாங்குகின்றன. கழுத்து, அக்குள் பகுதி வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. பெரும்பாலும் இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். எடை கூடுவது, மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது இவற்றோடு சேர்ந்து வரும். நான் பீர்க்கங்கூடு போட்டு அவள் கழுத்தைத் தோல் உரியும்வரை தேய்த்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வர நின்றிருக்கிறாள். தேய்த்தால் இன்னும் கறுக்கும். டாக்டரிடம் காட்டுங்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை, தைராய்டு பார்ப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எழுதுவார்.

மாதவிடாய் பற்றி: வயதுக்கு வந்த முதல் இரண்டு வருடம் ஒழுங்கில்லாமல் வருவது சகஜம். இரண்டு மாதவிடாய்க்கு இடையில் 21 நாள் முதல் 45 நாள் வரை இருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் போனாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலோ டாக்டரைப் பாருங்கள். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து மாதவிடாய் நின்றுபோகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

எடைக்குப் பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. கணக்கை இணையத்தில் போட்டுப் பார்த்துவிட்டு டயட் ஆரம்பிக்காதீர்கள். 18 வயது வரை வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக இருக்கிறது, குழந்தை மருத்துவரிடம் இருக்கும். வயதுக்கு வரும் காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது வளர்ச்சி, அதைக் குறைக்க பவுடர் வாங்கிக் கொடுத்ததுதான் நான் செய்ததிலேயே மோசமான வேலை.

செலவு: ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சேர்த்துத் தனியார் லேபில் 1,450 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகப் பார்ப்பார்கள், மாத்திரையும் இலவசம். வெறும் வயிற்றோடு காலையில் போங்கள், ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வையுங்கள்.

5. பள்ளி: வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுங்கள்

முதல் தடவை நான் வகுப்பு ஆசிரியரை வாசலில் பார்த்துச் சொன்னேன். "பாக்குறேம்மா" என்றார். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அது பெரிய தப்பு. நாற்பது குடும்பத்துக்கும் என் மகளின் பட்டப்பெயர் தெரிந்துபோனது, அந்தப் பையன்களின் அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள், மறுநாள் அவள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற பிள்ளையை வாசலில் நிறுத்தி நாமே மிரட்டுவதும் வேண்டாம், நம் பக்க நியாயம் அதோடு போய்விடும்.

வேலை செய்தது தலைமையாசிரியருக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதம். அதில் இருக்க வேண்டியவை: பிள்ளை பெயர், வகுப்பு, பிரிவு, என்ன நடந்தது, எந்தத் தேதிகளில், நோட்டில் இருப்பதுபோல, அதனால் பிள்ளைக்கு என்ன ஆனது, எத்தனை நாள் விடுப்பு, நீங்கள் கேட்பது என்ன. கடைசி விஷயம்தான் முக்கியம். "நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நான் மூன்று கேட்டேன்: இருக்கையை மாற்றுவது, அந்தப் படத்தைப் போன்களில் இருந்து அழிக்கச் செய்வது, பட்டப்பெயரை ஆசிரியர்கள் காதில் கேட்டால் அங்கேயே நிறுத்துவது. ஏழு நாளில் பதில் வேண்டும் என்றும் எழுதினேன். இரண்டு நகல் கொண்டு போய் ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தை அனுப்புவதற்கு முன் மகளிடம் படித்துக் காட்டுங்கள். என் மகள் ஒரு பையனின் பெயரை எடுக்கச் சொன்னாள், அவன் வெறுமனே சிரித்தவன்தானாம். எடுத்துவிட்டேன்.

கேலி செய்வது ஆசிரியராகவே இருந்தால்: கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதை மட்டுமில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், அடுத்து முதன்மைக் கல்வி அலுவலர். 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். அரசுப் பள்ளி என்றால் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும், பிள்ளையே எழுதிப் போடலாம்.

நிறத்தைக் கேலி செய்கிற பேச்சுக்குள் பல சமயம் சாதி இருக்கிறது. நம் ஊரில் அதைத் தெரியாத மாதிரி கடந்துபோக முடியாது. "சேரியா நீ" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்திருந்தால் அதை மழுப்பாமல் அப்படியே எழுதுங்கள், பள்ளி அதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சுருக்க விடாதீர்கள். பாலியல் நோக்கத்தோடு தொடுவது, ஆபாசமாகப் பேசுவது, படம் எடுப்பது நடந்திருந்தால் அது போக்சோ சட்டத்துக்குள், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டத்துக்குள் வருகிறது. அப்போது பள்ளியின் சமாதானப் பேச்சுக்கு உட்காரக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது காவல் நிலையம்தான். விஷயம் தெரிந்த பள்ளியும் புகார் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.

டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நடு வருடத்தில் தோன்றும். எனக்கும் தோன்றியது. கட்டிய கட்டணம் திரும்பாது, புதுப் பள்ளியில் மறுபடி கட்டணம், சீருடை, புத்தகம், எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குக் கொடுக்கிற அடையாள எண்) மாற்றுகிற அலைச்சல், எல்லாவற்றுக்கும் மேலே, தப்புச் செய்யாத பிள்ளை ஊரைவிட்டு ஓடுகிற மாதிரி ஆகிவிடும். கடிதம் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். அப்பவும் பிள்ளை போகப் பயந்தால் ஏப்ரல், மே மாதத்தில் மாற்றுங்கள்.

6. போன்

சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது. அதற்கு மேல் என்றால் உண்மையான பிறந்த தேதி கொடுத்து ஆரம்பியுங்கள், அப்போதுதான் சிறுவர்களுக்கான பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் தானாக வரும். பெரும்பாலான வீடுகளில் 2000-ஆம் வருடம் என்று ஏதோ ஒன்றைப் போட்டு ஆரம்பித்திருப்பார்கள். போனைப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் அடுத்த தடவை ஏதாவது நடந்தால் நம்மிடம் சொல்லாது. இரவு ஒன்பதரைக்கு எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜுக்குப் போகும் என்று வைத்தோம், எங்கள் போனும் சேர்த்துத்தான்.

படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அனுப்பியவரின் பயனர் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைச் சாட்சிக்கு என்று உறவினருக்கெல்லாம் அனுப்பாதீர்கள், 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது யார் செய்தாலும் குற்றம். புகாருக்கு சைபர் குற்ற உதவி எண் 1930 அல்லது தேசிய சைபர் குற்ற இணையதளம். அதில் பெண்கள், குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம்.

7. கவுன்சிலிங்: எப்போது, யாரிடம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, பள்ளி இதில் ஏதாவது இரண்டு கெட்டிருந்தால் காத்திருக்காதீர்கள். "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரி பேச்சு, கையில் கீறல், பிரியமான பொருளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே. நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதாடா?" அப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நான் பயந்து ஒரு வாரம் கேட்காமல் இருந்தேன். கேட்பதால் எண்ணம் வராது, இருக்கிற பாரம்தான் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். 14416 டெலி மனஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசுவார்கள். 1098 பிள்ளையே அழைக்கலாம். ஆபத்தென்றால் 108. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

யார் யார் என்பதில்தான் நான் குழம்பினேன். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை கொடுப்பவர், மருந்து எழுத மாட்டார், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. எண் என்ன என்று கேட்டால் தகுதியானவர் கோபப்பட மாட்டார். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு முடித்துக் கவுன்சிலர் என்று பலகை வைத்திருப்பவர்களும் உண்டு. நாங்கள் முதலில் போன இடத்தில் அந்த அம்மா என் மகளிடம், "நல்லாப் படிச்சு கலெக்டர் ஆயிட்டா யாரும் கலரைப் பாக்க மாட்டாங்க" என்றார். கலெக்டர் ஆகாத கறுப்புப் பிள்ளை என்ன செய்யும்? எழுந்து வந்துவிட்டோம், 500 ரூபாய் போனது.

கையில் கொண்டு போக வேண்டியவை: ஆதார் நகல், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், சாப்பிடுகிற மாத்திரைகள், நோட்டிலிருந்து எடுத்த ஒரு பக்கச் சுருக்கம். எப்போது ஆரம்பித்தது, எது மாறியது, குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிகிச்சை உண்டா என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மகள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு இலவசம், மருந்தும் இலவசம். காலை எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வருவார், எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். தனியாரில் எங்களுக்கு மனநல மருத்துவர் ஒரு தடவை 700 ரூபாய், மருந்து தேவையில்லை என்று சொல்லி உளவியலாளரிடம் அனுப்பினார். அவரிடம் ஒரு அமர்வு 1,000 ரூபாய், 50 நிமிடம், ஒன்பது அமர்வு. முதல் ஆறு வாரம் வாராவாரம், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. தோல் டாக்டர், லேப், இது எல்லாம் சேர்த்து மொத்தம் 12,950 ரூபாய்தான். மருத்துவக் காப்பீடு இருந்தாலும் படுக்கையில் சேராத சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் வராது.

மூன்று அமர்வு வரை ஒரு மாற்றமும் தெரியாது. என் மகள் இரண்டாவது தடவை ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தாள், காசு வீண் என்று நிறுத்தப் பார்த்தேன். நான்காவது வாரம் தானாகக் குளித்துத் தலை வாரினாள். உள்ளே என்ன பேசினாய் என்று துருவிக் கேட்காதீர்கள். "இது பதிவாகிக் கல்யாணத்துக்குத் தடையாகுமே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம், மருத்துவமனை வெளியே கொடுக்கக் கூடாது. முழுப் பரீட்சை நெருக்கத்தில் ஆரம்பிக்காமல் ஜூன், ஜூலையில் ஆரம்பித்தால் லீவு போடுகிற தொல்லை குறையும், ஆனால் நிலைமை மோசம் என்றால் பரீட்சையைப் பார்க்காதீர்கள்.

8. சடங்கும் விசேஷ வீடுகளும்

முதல் மகள் சடங்குக்கு மண்டபம், சாப்பாடு, போட்டோ, வீடியோ, ஃப்ளெக்ஸ் என்று 1,80,000 ரூபாய் ஆனது. மொய் திரும்பி வந்தது, சரி, ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னவள் போன வருடம் வயதுக்கு வந்தபோது கேட்டோம். மாமா வரணும், அப்பத்தா தண்ணி ஊத்தணும், பட்டுப் பாவாடை வேணும், ஸ்டேட்டஸ்ல படம் போடக் கூடாது என்றாள். வீட்டிலேயே வைத்தோம். உளுந்தங்களி, நல்லெண்ணெய், சொந்தங்கள் பதினைந்து பேர், 6,000 ரூபாய். சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளை எதற்குச் சம்மதிக்கிறதோ அதைச் செய்யுங்கள். ஃப்ளெக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். பள்ளி விடுப்புக் கடிதத்தில் "குடும்ப நிகழ்ச்சி" என்று எழுதினால் போதும்.

கல்யாண வீடுகளில் யாராவது "என்னடி இப்படிக் கறுத்துட்ட" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிள்ளையைப் பதில் சொல்ல விடாமல் நீங்கள் சொல்லுங்கள், அதுவும் அவள் காது கேட்க. நான் சொல்வது: "மதினி, அவகிட்ட வேற ஏதாவது கேளுங்க, நிறையச் சொல்லுவா." சண்டை போடாமல் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து தனியாக ஆறுதல் சொன்னால் பாதி பலன்தான், அங்கே அத்தனை பேர் நடுவில் அம்மா தன் பக்கம் நின்றாளா என்பதைத்தான் பிள்ளை பார்க்கிறது.

9. உடம்பைப் பயன்படுத்துகிற ஒரு வேலை

உளவியலாளர் சொன்னதில் எங்களுக்கு அதிகம் உதவியது இது. உடம்பு எப்படித் தெரிகிறது என்பதையே நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, உடம்பால் எதையாவது செய்துகாட்டுகிற வாய்ப்பு வேண்டும். மாவட்ட விளையாட்டரங்கில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைப் பயிற்சி நடத்தும், கட்டணம் குறைவு, ஆதார் நகலும் போட்டோவும் போதும். ஏப்ரல் கடைசியிலேயே விசாரித்துவிடுங்கள். அவள் வாலிபால் எடுத்தாள். வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போன பிள்ளை, பத்தாவது நாள் கையை மடித்துவிட்டுக்கொண்டு சர்வீஸ் போட்டாள். முன்கை இரண்டும் பந்து பட்டுச் சிவந்திருந்தது, அதை அப்பத்தாவிடம் பெருமையாகக் காட்டினாள்.

போன மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பட்டியலுக்கு பாஸ்போர்ட் அளவு போட்டோ கேட்டார்கள். எட்டுப் படம் 80 ரூபாய், பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எந்த ஸ்டூடியோவிலும் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்குவார்கள், அதனால் அச்சடிப்பதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கம்ப்யூட்டர் பக்கம் போய் நின்று, "அண்ணே, கலர் ஏத்தாதீங்க, இருக்கிறபடி போடுங்க" என்றாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் 80 ரூபாயை எடுத்து மேசையில் வைத்தேன்.